நாலு பொத்தான் அலுவலகம்

ஆற்றுப் பாலம் தாண்டி, பஸ் டெப்போவுக்கும் கோழித்தீவனக் குடோனுக்கும் நடுவே ஒரு நில வரைபட அலுவலகம் இருந்தது. இருந்தது என்றால் இருந்தது, அவ்வளவுதான். அங்கே ஒரு வேலை நடந்து முடிந்ததாகக் கண்ணால் பார்த்தவர்கள் ஊரில் யாரும் கிடையாது. அந்த அலுவலகத்துக்குத் தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆனி மாதத்தில், தெர்மாகோலுக்குள் பொதிந்து, நாலு பேர் தூக்க நாற்பது பேர் வேடிக்கை பார்க்க, யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன் என்கிற ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது.

உதவி இயக்குநர் தெய்வச்சிலை சார் தலைமையில் தேங்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள், மானிட்டர் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தார்கள். புது வண்டி வந்தால் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டாமா என்று தலைமை எழுத்தர் ராமபத்திரன் கேட்க, சக்கரம் இல்லாத பெட்டிக்கு எதன் அடியில் வைப்பது என்று கால் மணி நேரம் ஆலோசித்து, கடைசியில் மவுஸின் அடியில் வைத்து ஒரே அமுக்காக அமுக்கினார்கள். மவுஸின் வயிற்றுக்குள் இருந்த ரப்பர் உருண்டை அன்றைக்கு எலுமிச்சைச் சாறு குடித்ததுதான், அதற்குப் பிறகு அது ஒருநாளும் நேராக உருண்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒருத்தியின் வீடு இதனால்தான் தண்ணீருக்குள் போகப்போகிறது.

பெட்டியை இயக்க யார் படிப்பது என்ற கேள்வி வந்தபோது அலுவலகமே பதினைந்து நாள் மெடிக்கல் லீவில் போனது. ஐதராபாத்தில் பன்னிரண்டு நாள் பயிற்சி. தெய்வச்சிலை சாருக்கு அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, ராமபத்திரனுக்கு ஜாதகப்படி வடக்கே போகக் கூடாது, மற்ற எழுத்தர்கள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு மாமியார் சாகக் கிடந்தாள். மிஞ்சியவள் டைப்பிஸ்ட் அமலோற்பவம். எழுபத்து நாலில் வேலைக்குச் சேர்ந்து, இருபது வருஷமாக மற்றவர்கள் எழுதிய பிழைகளைப் பிழை மாறாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். அவள் போனாள், படித்தாள், வந்தாள். வந்த அன்று "என்ன டைப்பிஸ்ட்டு, ஜன்னலெல்லாம் திறக்கப் படிச்சாச்சா?" என்று ராமபத்திரன் கேட்டார், அலுவலகம் சிரித்தது. படித்தது அதைத்தான் என்று அவளும் சிரிக்காமல் சொன்னாள்.

அதுவரைக்கும் அந்த மாதிரி மெஷின்களில் கறுப்புத் திரையில் எழுத்தாகத் தட்டித்தான் கட்டளை கொடுக்க வேண்டும் என்பார்கள். இதில் அப்படியில்லை. திரையே ஒரு மேஜை. மேஜை மேல் எத்தனை ஜன்னல் வேண்டுமானாலும் திறக்கலாம், ஒன்றின்மேல் ஒன்றாகப் போடலாம், சுருக்கிப் படமாக்கி ஓரத்தில் வைக்கலாம். அடியில் ஒரு நீளமான பட்டை. அதில் ஒரு கடிகாரம், ஒரு இழுப்பறை, ஒரு குப்பைத்தொட்டி, ஒரு பூட்டு, நட்டநடுவில் நாலு பொத்தான்கள். ஒரு மேஜை போதாதவர்களுக்கு நாலு மேஜை, பொத்தானை அமுக்கினால் அடுத்த மேஜை, ஒன்றில் கடிதம், இன்னொன்றில் வரைபடம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று ஐதராபாத்துக்காரர் சொல்லியிருந்தார். இங்கே ஒரு மேஜையிலேயே ஒன்றும் நடப்பதில்லையே, நாலு எதற்கு என்று அமலோற்பவம் அப்போதே நினைத்தாள், கேட்கவில்லை.

பெட்டிக்கு ஏசி வேண்டும் என்பதால், அலுவலகக் கூடத்துக்குள் போகிற ஒரே கதவுக்குப் பக்கத்தில், வாசல் நடையில், கண்ணாடி அறை ஒன்று கட்டியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வந்த மூன்றாம் நாள் காலையில் அவள் வெறுங்காலோடு உட்கார்ந்து, பார்ப்போமே என்று இரண்டாம் பொத்தானை அமுக்கினாள். அதே நேரம் அலுவலக உதவியாளர் கொம்பையா கம்பிக் கூடையில் பதினொரு டீயோடு கூடத்துக்குள் போனான், போன வேகத்தில் பதினொரு டீயோடும் திரும்பி வந்தான்.

"யக்கா, உள்ள யாரும் இல்லக்கா" என்றான்.

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். கூடம் இருந்தது, மேஜைகள் இருந்தன, சுவரில் மழைநீர் இறங்கிய கறை இருந்தது, மூன்றாவது ஃபேன் வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தது, ஆட்கள்தான் இல்லை. திரும்பி வந்து ஒன்றாம் பொத்தானை அமுக்கினாள். கொம்பையா மறுபடி போனான். உள்ளே தெய்வச்சிலை சார் டீ ஏன் ஆறிப்போய் வருகிறது என்று அவனைத் திட்டினார். மூன்றை அமுக்கினால் இன்னொரு காலிக் கூடம், நாலை அமுக்கினால் இன்னுமொன்று. கதவு ஒன்றுதான், எந்தப் பொத்தான் எரிகிறதோ அந்தக் கூடத்துக்குள் அது திறக்கும். உள்ளே இருப்பவர்கள் வெளியே வர வேண்டுமென்றாலும் அவர்கள் கூடத்தின் பொத்தான் எரிய வேண்டும், இல்லாவிட்டால் கதவு அசையாது.

வேறு ஊராக இருந்தால் இதற்கு மயங்கி விழுந்திருப்பார்கள். அரசாங்க அலுவலகம் என்பதால் சீனியாரிட்டி பட்டியலை எடுத்தார்கள். புதிதாகக் கிடைத்த மூன்று அறைகளில் எது யாருக்கு என்பதில் இரண்டு மாதம் போனது, ஆட்சேபணை மனுக்கள் பதினேழு வந்தன. மூன்று கூடமும் அச்சு அசலாக ஒன்றே, கறை முதற்கொண்டு. இருந்தாலும் இரண்டாம் அறையில் காற்று கொஞ்சம் அதிகம் என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, கூடுதல் அறைகள் எப்படி வந்தன என்று ஒரு வார்த்தை கேட்காமல், அறைக்கு ஒரு துடைப்பம் வீதம் மூன்று துடைப்பம் அனுமதித்துப் பதில் வந்தது. முடிவில் இரண்டாம் அறை தெய்வச்சிலை சாருக்கு என்றும், மூன்றாம் அறை ராமபத்திரனும் மற்றவர்களும் மத்தியானம் கேரம் ஆடவும் கண்ணயரவும் என்றும் ஆனது. நாலாம் அறையை யாரும் கேட்கவில்லை, அதனால் அதை மனு கொடுக்க வருகிற ஜனங்களுக்கு ஒதுக்கினார்கள்.

அமலோற்பவம் என்ன ஆனாள் என்றால், லிஃப்ட் ஓட்டுகிறவள் ஆனாள். வரைபடம் இழுக்கிற வேலைக்கு நடுவே, "ரெண்டு அமுக்கும்மா", "மூணு அமுக்கும்மா" என்று ஆள் மாற்றி ஆள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஆறு மாதத்தில் தெய்வச்சிலை சாருக்கு ஒரு நோய் வந்தது. தான் இரண்டாம் அறையில் இருக்கும்போது ஒன்றில் என்ன நடக்கிறதோ, மூன்றில் தன்னைப்பற்றி என்ன பேசுகிறார்களோ என்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் வந்தார்.

"ஏம்மா, என் ஃபைலெல்லாம் இருக்கே ஒரு ஜன்னல், அது எல்லா ரூம்லயும் தெரியுத மாதிரி பண்ண முடியுமா?"

முடியும். ஒவ்வொரு ஜன்னலின் தலையிலும் ஒரு சின்னப் பட்டியல் உண்டு. அதில் கடைசி வரிக்கு முந்தின வரி, எல்லா அறைகளிலும் இரு என்பது. அவள் அவர் பெயர் போட்ட ஜன்னலின் தலையைத் தட்டி அந்த வரியை அமுக்கினாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து தெய்வச்சிலை சார் நாலு அறையிலும் இருந்தார். நிழல், பிம்பம் என்றெல்லாம் இல்லை, நாலும் அசல். நாலு வழுக்கை, நாலு சட்டைப்பையில் நாலு பச்சைப் பேனா, நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் தும்மல். கொம்பையா டீயைப் பதினொன்றிலிருந்து பதினாலாகக் கூட்டினான். வீட்டுக்குப் போகும்போது மட்டும் கதவைத் தாண்டியதும் நாலும் ஒன்றாகிவிடும், ஆகவே அவர் வீட்டம்மாவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஒரு ஆள் இருந்தபோது நடக்காத வேலை நாலு ஆள் இருந்தால் நடக்கும் என்று நினைத்தவர்கள் அந்த அலுவலகத்தை அறியாதவர்கள். முன்பு ஒரு ஃபைல் அவர் மேஜையில் மட்டும் தூங்கியது. இப்போது ஒன்றாம் அறை தெய்வச்சிலை "ரெண்டாம் ரூம்ல கையெழுத்தாகி வரட்டும்" என்பார், இரண்டாம் அறைக்காரர் மூன்றைக் காட்டுவார், மூன்றாமவர் நாலைக் காட்டுவார், நாலாமவர் ஒன்றில் கேள் என்பார். நாலு கையெழுத்தும் ஒத்துப்போனால்தான் உத்தரவு செல்லும் என்று ராமபத்திரன் வேறு ஒரு சுற்றறிக்கை தயார் செய்தார், அதற்கு மட்டும் நாலு பேரும் உடனே கையெழுத்துப் போட்டார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவள்தான் ஆனைக்குறிச்சி பேச்சித்தாய்.

ஆனைக்குறிச்சி வரைபடத்தை மெஷினில் ஏற்றியவள் அமலோற்பவம். பழைய துணி வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துக் குளத்தின் கரையை இழுத்து வரும்போது, எலுமிச்சைச் சாறு குடித்த மவுஸ் ஒரு இடத்தில் துள்ளியது. ஒரு மயிரிழைதான். அந்த மயிரிழை தரையில் ஏழு சென்ட். அந்த ஏழு சென்ட்டில் பேச்சித்தாயின் வீடு, முருங்கை மரம், எருமை கட்டுகிற இடம் எல்லாம் இருந்தன. அமலோற்பவம் கவனிப்பதற்குள் வரைபடம் தலைமை அலுவலகத்தில் ஒப்புதலாகிவிட்டது. கவனித்த அன்றைக்கே, தவறு என்னுடையது, திருத்த அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். தெய்வச்சிலை சார் நாலு அறையிலும் அந்தத் தாளைப் பார்த்தார், தவறு என்ற சொல்லைக் கண்டதும் நாலு அறையிலும் கையை இழுத்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டர்ல தப்பு வராதும்மா. தப்புன்னு எழுதாத" என்றார்.

"கம்ப்யூட்டர் தப்பு இல்ல சார். என் தப்பு."

"நீ கம்ப்யூட்டர்லதான செஞ்சே? அப்ப அது தப்பு இல்ல" என்றார். இப்படிப் பேசுகிறவரிடம் என்னத்தைச் சொல்வது.

கோட்டை நகர்த்துவது அரை நிமிஷ வேலை. நகர்த்திய கோட்டை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது கோடு. அந்தக் கையெழுத்துக்காகப் பேச்சித்தாய் ஒன்றரை வருஷம் நடந்தாள்.

"பாட்டி காலத்து வீடா இருந்தா என்ன, படத்துல நீ குளத்துக்குள்ள இருக்கே" என்று ராமபத்திரன் அவளிடம் சொன்னார்.

"தண்ணிக்குள்ள இருக்கேன்னு சொல்லுதீய. ஒன்றரை வருசமா என் அடுப்பு நனையலையே சார்" என்றாள் பேச்சித்தாய். ஒரு தடவை வீட்டுத் தரையிலிருந்து ஒரு பிடி காய்ந்த மண்ணை முந்தியில் முடிந்து வந்து அவர் மேஜையில் கொட்டினாள். அலுவலகத்தை அசுத்தம் செய்ததாக அதற்கு ஒரு தனி ஃபைல் போட்டார்கள்.

நாலாம் அறைக்கு ஒரு குணம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனுக்காரர்களை வெளியே விட மறந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை காலையில் அமலோற்பவம் பதறிப்போய் நாலை அமுக்கிக் கதவைத் திறந்தால், ஜனங்கள் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பசியில்லை, தாகமில்லை, தூக்கமில்லை. இப்போதுதானே வந்தோம் என்றார்கள். வேறு யாராவதாக இருந்தால் பயந்திருப்பார்கள். தெய்வச்சிலை சாருக்கோ ஒரே சந்தோஷம். பசிக்காத மனுக்காரனைவிட ஒரு அலுவலருக்கு வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து தன் எழுத்து உத்தரவு இல்லாமல் நாலாம் பொத்தானை வெளியே வருகிறவர்களுக்காக அமுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். உள்ளே போகலாம், சாயங்காலம் அவர் மட்டும் வெளியே வருவார். அவர் வரும் வழியில் ஒரு ஜனமும் எழுந்து வராது, ஏனென்றால் எழுந்தால் டோக்கன் வரிசை போய்விடும். இந்த ஒரு ஏற்பாட்டை யோசித்துச் செய்வதற்கு மட்டும் அவர்களுக்கு மூளை இருந்தது.

அப்படி நாற்பத்தொரு பேர் சேர்ந்திருந்தார்கள். பேச்சித்தாய் உள்ளே போய்ப் பதினோராவது நாள், தபாலில் ஒரு உத்தரவின் நகல் வந்தது. குளத்து ஆக்கிரமிப்பு, ஆனைக்குறிச்சி, ஏழு சென்ட், வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இடித்து அகற்றப்படும். அன்று வியாழக்கிழமை.

அமலோற்பவம் அந்த நகலையும் கையெழுத்தாகாமல் கிடந்த திருத்த உத்தரவையும் எடுத்துக்கொண்டு செருப்பு மாட்ட மறந்து கூடத்துக்குள் போனாள். கொம்பையாவைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து எந்தப் பொத்தான் என்று சொல்லிச் சொல்லி, ஒன்றிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து மூன்றுக்கும் வாசலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மூன்று தெய்வச்சிலைகளும் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். நாலாம் அறையில் நாற்பத்தொரு பேருக்கு முன்னால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்த தெய்வச்சிலை, "ஒண்ணாம் ரூம்ல என்ன சொன்னாவ?" என்று கேட்டார்.

"உங்களைக் கேக்கச் சொன்னீய சார்."

"அப்ப நான் சரியாத்தான் சொல்லிருக்கேன். அவர்ட்டயே கேளு" என்றார்.

திரும்பும்போது பெஞ்சின் ஓரத்தில் பேச்சித்தாய் அவள் கையைப் பிடித்தாள். "என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

அமலோற்பவம் பக்கத்தில் உட்கார்ந்து திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னாள். பேச்சித்தாய் அழவில்லை. எருமையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்ததாகவும், ஒரே நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லி வந்ததாகவும் சொன்னாள். பிறகு குரலை உயர்த்தாமல், "அந்தக் கோடு நீங்க இழுத்ததுதானம்மா? இழுத்த கைக்கு அழிக்கத் தெரியாதா?" என்று கேட்டாள். அமலோற்பவம் எழுந்து வந்துவிட்டாள்.

அன்று மத்தியானமே தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. பழைய மெஷின் வழக்கொழிந்துவிட்டது, புது மெஷின் வரும், நாளை வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பெங்களூரிலிருந்து இன்ஜினியர் வந்து பழையதை நிரந்தரமாக அணைப்பார். இருப்புப் பதிவேட்டில் உள்ள சகல பொருள்களையும் கூடுதல் அறைகளிலிருந்து ஒன்றாம் அறைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், அணைத்த பிறகு அந்த அறைகளில் இருப்பவற்றுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. மேலிடத்து உத்தரவு என்றதும் நாலு தெய்வச்சிலைகளும் நான் முந்தி நீ முந்தி என்று கையெழுத்துப் போட்டார்கள். பேனா தாளில் படாத கைகள் அன்றைக்குப் பறந்தன.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க அலுவலகம் மேஜை சுமந்தது. ராமபத்திரன் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்: நாற்காலி, பீரோ, மின்விசிறி, துடைப்பம் மூன்று, கேரம் போர்டு ஒன்று. ஒரு துடைப்பம் குறைகிறது என்று ஒரு மணி நேரம் தேடினார்கள், மூன்றாம் அறையில் கதவுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து வந்தபோது எல்லோர் முகத்திலும் நிம்மதி.

"நாலாம் ரூம்ல இருக்கிற ஜனங்க சார்?" என்று அமலோற்பவம் கேட்டாள்.

ராமபத்திரன் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினார். "அவங்க இன்வென்டரியில இல்லையே" என்றார்.

"அணைச்சா உள்ள இருக்கிறவங்க?"

"இன்வென்டரியில இருக்கதையெல்லாம் எடுத்தாச்சான்னுதான் நம்ம கிட்ட கேப்பாங்க. எடுத்தாச்சு. கேக்காததுக்கு ஏன் பதில் சொல்லணும்?" அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. விதியைப் படித்துக் காட்டுகிற குரலில் சொன்னார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

யார் உத்தரவும் வேண்டாம், நாலை அமுக்கிக் கதவைத் திறந்து எல்லோரையும் போகச் சொல்லிவிடுவது என்று அப்போதே அவள் முடிவெடுத்துவிட்டாள். வேலை போனால் போகிறது. ஆனால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் திங்கட்கிழமை பேச்சித்தாய்க்கு வீடு இருக்காதே, அதற்கு ஒரு கையெழுத்து வேண்டுமே என்றுதான் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

கதவைத் திறக்கிற வேலையை அவளுக்கு மிச்சப்படுத்தியவர்கள் அலுவலகத்துக்காரர்களேதான். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு சிக்கல் கிளம்பியது. நாலு தெய்வச்சிலை இருக்கிறார்கள், இனி அறை ஒன்றுதான், நாற்காலியும் ஒன்றுதான். யார் இருப்பது, யார் போவது? இத்தனை நாள் கதவைத் தாண்டினால் ஒன்றாகிவிடுகிறவர்கள்தானே என்றால், எந்த ஒருவர் அந்த ஒன்று என்பதை எழுத்தில் முடிவு செய்யாமல் கதவைத் தாண்ட மாட்டோம் என்று நாலு பேரும் பிடிவாதம் பிடித்தார்கள். பிறந்த தேதி ஒன்று, சேர்ந்த தேதி ஒன்று, சீனியாரிட்டி வைத்தும் பிரிக்க முடியவில்லை. கூட்டம் போட வேண்டியதுதான் என்றார் ராமபத்திரன். ஒன்றாம் அறையில் சாமான் அடைத்துக் கிடந்தது, இரண்டும் மூன்றும் நாற்காலியில்லாமல் காலி. பெஞ்சு இருந்தது நாலில்தான். மனுக்காரர் பெஞ்சு பதிவேட்டில் ஏறாதது, அதனால் அதை யாரும் தூக்கவில்லை.

"ரகசியக் கூட்டம். ஜனங்களை வெளிய நடையில நிக்கச் சொல்லு. நாங்க கூப்பிடுத வரைக்கும் யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது" என்று ஒன்றாம் அறைத் தெய்வச்சிலை சார் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார்.

நாலாம் பொத்தான் எரிந்தது. நாற்பத்தொரு பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார்கள். வந்ததும் நாற்பத்தொரு வயிறும் ஒன்றாகப் பசித்தன. கதவைத் தாண்ட மாட்டோம் என்ற மற்ற மூன்று தெய்வச்சிலைகளையும், திரையில் அவர்கள் பெயர் போட்ட ஜன்னலை நகர்த்தி அமலோற்பவம் நாலுக்கு அனுப்பினாள். நாலு பேரும் ராமபத்திரனும் எழுத்தர்கள் ஒன்பது பேரும் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். ஒரு எழுத்தர்கூட வெளியே நிற்கவில்லை. அந்த அலுவலகத்தில் வேலைக்குக் கூப்பிட்டால் வராதவன்கூடக் கூட்டத்துக்கு வந்துவிடுவான், தான் இல்லாத நேரத்தில் தன் தலையில் எதையாவது கட்டிவிடுவார்கள் என்ற பயம். கதவு சாத்திக்கொண்டது.

அமலோற்பவம் ஒன்றாம் பொத்தானை அமுக்கிவிட்டுக் கூடத்துக்குள் போனாள். அடுக்கிக் கிடந்த மேஜைகளுக்கு நடுவே உதவி இயக்குநரின் நாற்காலி காலியாக இருந்தது. அதன் பின்னால் சுவரில் பத்து வருஷத்துக்கு முன்னால் தெய்வச்சிலை சாரே சட்டம் போட்டு மாட்டிய அறிவிப்பு இருந்தது, அவர் அடிக்கடி எங்காவது போய்விடுவதால் தேவைப்பட்டது: அலுவலர் இருக்கையில் இல்லாத நேரத்தில், அலுவலகத்தில் உள்ளவர்களில் பணிமூப்பு உடையவர் பொறுப்பு அலுவலராகக் கையெழுத்திடலாம். இதை வைத்து ராமபத்திரன் ஆயிரம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சார் நாலு அறையிலும் உட்கார ஆரம்பித்த பிறகு எந்த இருக்கையும் காலியானதில்லை, ஆகவே அந்த அறிவிப்பை எல்லோரும் மறந்துபோனார்கள். இன்றைக்கு அலுவலகத்தில் உள்ளவர்கள் இரண்டு பேர். கொம்பையா எண்பத்தாறில் சேர்ந்தவன். அவள் எழுபத்து நாலு.

அவள் கண்ணாடி அறைக்கு ஓடி, மவுஸின் வயிற்றைத் திறந்து, மூன்று வருஷ அழுக்கும் எலுமிச்சையும் அப்பிய உருண்டையைப் புடவையில் துடைத்துப் போட்டாள். ஆனைக்குறிச்சி ஜன்னலைத் திறந்தாள். குளத்தின் கரையைப் பிடித்து ஒரு மயிரிழை இடது பக்கம் நகர்த்தினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அச்செடுத்து, உதவி இயக்குநரின் நாற்காலியில் உட்கார்ந்து, பச்சைப் பேனா கிடைக்காமல் தன் நீலப் பேனாவால், அமலோற்பவம், பொறுப்பு அலுவலர் என்று எழுதி முத்திரை குத்தினாள்.

பேச்சித்தாய் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி, படத்தில் தன் வீட்டைத் தொட்டுப் பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்" என்றாள் அமலோற்பவம். வெட்கத்தில் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "திங்கக்கிழமை வாரவங்ககிட்ட இதைக் காட்டு. இப்பமே போ, நாலே காலுக்கு பஸ்." பிறகு வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

நாலு மணிக்குப் பெங்களூர் இன்ஜினியர் வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் நாற்பத்தோராவது ஆளின் தாளில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். அதற்குள் நாலாம் அறைக் கூட்டம் முடிந்திருந்தால் கூப்பிட்டிருப்பார்கள். கூப்பிடவில்லை. அவள் நாலை அமுக்கிக் கதவில் காதை வைத்தாள். உள்ளே முதலில் யார் பேசுவது என்பதுபற்றி நாலு தெய்வச்சிலைகளும் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கதவைத் தட்டினாள், கடமைக்கு மூன்று தடவை தட்டினாள். "தொந்தரவு பண்ணாதன்னு எழுதிக் குடுத்துருக்குல்லா" என்று ராமபத்திரனின் குரல் வந்தது. அவள் திரும்பி வந்து ஒன்றை அமுக்கினாள்.

இன்ஜினியர் சரிபார்ப்புப் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டான். "மற்ற ரூம்ல எதாவது இருக்கா மேடம்?"

அமலோற்பவம் பதிவேட்டை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் நிதானமாகப் புரட்டினாள். ஒரு கணம் அவர்களுடைய வீட்டம்மாக்களை நினைத்தாள், துடைப்பம் தேடிய ஒரு மணி நேரத்தை நினைத்தாள்.

"இன்வென்டரியில இருக்கதையெல்லாம் எடுத்தாச்சு" என்றாள்.

மெஷின் கடைசியாக அதன் வழக்கமான கேள்வியைக் கேட்டது. மறுபடி இயக்கும்போது முதல் நாள் இருந்தபடி வரவா, இப்போது இருக்கிறபடியே தொடரவா? இரண்டு கட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இருக்கிறபடியே என்பதை அவளே அமுக்கினாள். யாராவது என்றைக்காவது இயக்கினால் விட்ட வார்த்தையிலிருந்து பேச்சு தொடரட்டும், யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது. உள்ளே பசியும் கிடையாது. திரை அணைந்தது.

அந்த நேரம் பார்த்துக் கொம்பையா கூட்டத்துக்கென்று பதினாலு டீயோடு கூடத்துக்குள் போனான், பதினாலு டீயோடும் திரும்பி வந்தான்.

"யக்கா, உள்ள யாரும் இல்லக்கா."

"நடையில நிக்கிறவங்களுக்குக் குடு" என்றாள்.

வீட்டம்மாக்கள் திங்கட்கிழமை வந்து விசாரித்தார்கள். மீட்டிங் என்று கொம்பையா சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள்; எத்தனை வருஷமாகக் கேட்கிற பதில். பழைய மெஷினைச் சாக்கு போட்டு மூடி மாடிப்படிக்கு அடியில் வைத்தார்கள். ஆனைக்குறிச்சியில் முருங்கை அந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, பேச்சித்தாய் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தாள். வரைபடங்கள் கேட்ட அன்றைக்கே கிடைக்கிற ஒரு அலுவலகம் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்து, உதவி இயக்குநரும் மற்ற பத்துப் பேரும் ஏன் எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதுவதில்லை என்று கேட்டு எழுதினார்கள்.

அமலோற்பவம் புது மெஷினில் ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து பதில் தட்டினாள், பொறுப்பு அலுவலர் என்று கையெழுத்துப் போட்டு அன்றைய தபாலிலேயே அனுப்பினாள். பார்வையில் கண்ட கடிதத்துக்கு, கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பணிவுடன் தெரிவித்திருந்தாள். தலைமை அலுவலகம் அதைத் திருப்தியுடன் ஏற்றுக்கொண்டு, ஃபைலை மூடியது.